செத்த போர்டும் எழுத முடியாத மூலையும்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் அறிமுகப்படுத்திய தனிக்கணினியில் எந்த மென்பொருளும் கை வைக்க முடியாத ஓர் இடம் இருந்தது. மதர்போர்டில் செருகியிருந்த ரோம் சிப்புகளின் மொத்தக் கொள்ளளவு 40 கிலோபைட். அதில் 32 கிலோபைட்டை பேசிக் மொழி எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த 8 கிலோபைட்டில்தான் பயாஸ் குடியிருந்தது. விசைப்பலகையை எப்படிக் கவனிப்பது, திரையில் எழுத்தை எப்படி வரவழைப்பது, ஃப்ளாப்பியின் முதல் துண்டை எப்படிப் படிப்பது என்ற பாலபாடமெல்லாம் அதற்குள். புளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் அதை எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிராட்லி. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கணினி மறுபடி தொடங்கும் ஏற்பாட்டைச் செய்தவரும் அவரே.

மின்சாரம் வந்ததும் எங்கே போவது என்பதில் அந்தக் கணினியின் 8088 செயலிக்கு யோசனையே கிடையாது. 1 மெகாபைட் வரைதான் அதன் பார்வை. அந்த எல்லையின் கடைசி 16 பைட்டுகள் தொடங்கும் 10,48,560ஆம் முகவரியில் அது முதல் கட்டளையைத் தேடும். அங்கே ரோம் இருந்தது. பயாஸுக்குத் தாவச் சொல்லும் கட்டளை அதில் பொறித்திருந்தது. அந்தக் கட்டளை கிடைக்காவிட்டால் ரேம், டிஸ்க், திரை எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. ஆனால் கிடைக்காமல் போக வழியே இல்லை; தொழிற்சாலையில் பொறித்த ரோமை அழிக்க முடியாது. பிறகு வந்த 40 ஆண்டுக் கதை, இந்த உறுதியைத் தெரிந்தே கைவிட்டு, பட்டுத் தெரிந்துகொண்டபின் துண்டு துண்டாகத் திரும்ப வாங்கிய கதை.

உறுதிக்கு ஒரு விலை இருந்தது. ஐபிஎம்மின் முதல் பயாஸ் பதிப்புகளுக்கு, விரிவாக்க அட்டைகளில் இருக்கும் ரோமைத் தேடிப் பார்க்கத் தெரியாது. அதனால் ஹார்டு டிஸ்க் அட்டையைச் செருகினாலும் கணினி அதைக் கண்டுகொள்ளாது. 1982 அக்டோபர் 27 என்று தேதியிட்ட பதிப்பில்தான் அது சரியானது. முதல் ஆண்டில் வாங்கியவர்கள் என்ன செய்வது? புதிய சிப் வாங்கி, பெட்டியைத் திறந்து, பழையதைப் பிடுங்கி, கால் வளையாமல் புதியதைச் செருக வேண்டும். ஒரு சிறு திருத்தத்துக்கு இவ்வளவு பாடு.

இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கிய ஈப்ரோம் இந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைத்தது. சிப்பின் தலையில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிச் சன்னல். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைச் சில நிமிடங்கள் காட்டினால் உள்ளே இருப்பது அழியும். பிறகு தனிக் கருவியில் வைத்துப் புதிதாக எழுதலாம். 1980களின் மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பின்மேல் பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் அதை வெறும் விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள். வெளிச்சம் உள்ளே புகாமல் சன்னலை மூடுவதும் அதன் வேலை.

இதற்கிடையில் பயாஸ் தனித் தொழிலாகிவிட்டது. ஐபிஎம் தன் பயாஸின் முழு மூல நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. படிக்கலாம், காப்பியடித்தால் வழக்கு. அப்படி நகலெடுத்த ஈகிள், கரோனா நிறுவனங்கள்மீது 1984இல் ஐபிஎம் வழக்குத் தொடுத்தது. ஹூஸ்டனில் 1982இல் தொடங்கிய காம்பாக் நிறுவனமும், 1984இல் பயாஸை விற்பனைப் பண்டமாகவே கொண்டுவந்த ஃபீனிக்ஸ் நிறுவனமும் வேறு வழியில் போயின. ஒரு குழு ஐபிஎம் நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தரும். அந்த நிரலைக் கண்ணால்கூடப் பார்த்திராத இன்னொரு குழு, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதும். பயாஸ் எழுதி விற்கும் அவார்டு நிறுவனம் 1983இல் வந்தது. 1985இல் சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸைத் தொடங்கினார்கள். பின்னாளில் டெல் என்று பெயர் மாறிய பீசீஸ் லிமிடெட் அதன் ஆரம்ப வாடிக்கையாளர். உலகின் பெரும்பாலான கணினிகள் கண்விழித்ததும் ஃபீனிக்ஸ், அவார்டு, அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் என்ற மூன்று பெயர்களில் ஒன்றைத்தான் திரையில் காட்டின. அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸின் பொறியாளர் குழு ஒன்று சென்னையிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

உண்மையான திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா, மின்சாரத்தாலேயே மொத்தமாக அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவக சிப்பை 1984இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் முன்வைத்தார். 1988இல் இன்டெல் ஃப்ளாஷ் சிப்புகளை வணிகரீதியாக விற்கத் தொடங்கியது. 1990களின் முற்பகுதியில் அவை மதர்போர்டுக்கு வந்தன. இனி சன்னலும் வேண்டாம், ஊதா விளக்கும் வேண்டாம். ஃப்ளாப்பியில் ஒரு கோப்பு, ஒரு சிறு நிரல், அரை நிமிடம். வேலை முடிந்தது.

அந்த வசதி சரியான சமயத்தில்தான் வந்தது. ஹார்டு டிஸ்குகள் பயாஸின் கணக்கைத் தொடர்ந்து மீறிக்கொண்டே இருந்த காலம் அது. முதலில் 504 மெகாபைட்டில் ஒரு சுவர்; அதைத் தாண்டினால் 8.4 கிகாபைட்டில் இன்னொன்று. 1999 வாக்கில் 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கைக் கண்டதும் பல அவார்டு பயாஸ்கள் உறைந்து நின்றன. பெண்டியம் வரிசையில் புதிய செயலி வந்தால் பழைய பயாஸுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, 1999க்கு அடுத்த ஆண்டு 2094 என்று நம்பிய அவார்டு பதிப்பு ஒன்றும் அம்பலமானது. புதுப்பிக்காமல் இருந்துவிடு என்று யாருக்கும் சொல்ல முடியாத நிலை.

ஆனால் அந்த அரை நிமிடத்தில் நடப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டி, விழுவதற்குள் புதுக் கிளையை ஒட்டவைக்கும் வேலை. எழுதும் நிரல் முதலில் பழையதை அழிக்கும். அழித்த ஃப்ளாஷில் எல்லா பிட்டுகளும் ஒன்று என்ற நிலைக்குப் போய்விடும். அதில் பொருள் எதுவும் இராது. பிறகுதான் புதியது எழுதப்படும். இடையில் மின்சாரம் போனால், ஃப்ளாப்பியில் ஒரு செக்டார் கெட்டிருந்தால், அடுத்த முறை செயலி போய்த் தேடும் முகவரியில் வெறுமைதான். மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், பீப் சத்தம்கூட வராது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கி, போர்டு டெட் என்பார்.

மின்வெட்டுதான் பெரிய எதிரி என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இயல்பு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே கணினி வைத்திருந்தவர்கள் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் மின்சாரத்தைவிடக் கோப்பின் தவறு கொன்ற போர்டுகள் குறைவில்லை. ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று போர்டுகள் வரும். உள்ளே இருக்கும் சிப்புகள் மாறியிருக்கும். பெட்டியின் மேல் பெயர் மட்டும் மாறாது. அதனால் விவரமறிந்தவர்கள், கணினி தொடங்கும்போது திரையின் அடியில் வந்து மறையும் நீண்ட எண் வரிசையை பாஸ் விசையை அழுத்தி நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்வார்கள். சிப்செட் எது, போர்டைச் செய்தவர் யார் என்பது அந்த வரிசைக்குள் இருக்கும். டாஸை எந்தக் கூடுதல் நினைவக நிரலும் ஏற்றாமல் சுத்தமாகத் தொடங்க வேண்டும் என்பதும், எழுதுவதற்குமுன் பழைய பயாஸை ஃப்ளாப்பியில் சேமித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அன்றைய விதிகள். எழுதுவது பாதியில் தவறினால் இன்னொரு விதி: எக்காரணம் கொண்டும் கணினியை அணைக்காதே. சிப் காலியாகியிருக்கலாம், டாஸும் எழுதும் நிரலும் இன்னும் ரேமில் உயிரோடு இருக்கின்றன. சேமித்துவைத்த பழைய கோப்பை மறுபடி எழுதிப் பார்க்க அதுதான் கடைசி வாய்ப்பு. பதறிப்போய் ரீசெட் பொத்தானை அழுத்தியவர்கள் அந்த வாய்ப்பைத் தாங்களே தொலைத்தார்கள்.

இந்த ஆபத்தை சிப் செய்தவர்கள் முன்பே கணித்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பயாஸுக்கென்றே இன்டெல் செய்த 128 கிலோபைட் ஃப்ளாஷ் சிப் ஒன்று நான்கு துண்டுகளாகப் பிரிந்திருந்தது: 112 கிலோபைட்டில் முக்கியப் பகுதி, தலா 4 கிலோபைட்டில் இரண்டு சிறு பகுதிகள், 8 கிலோபைட்டில் பூட் பிளாக். கடைசித் துண்டைத் திறக்க வேண்டுமானால் சிப்பின் குறிப்பிட்ட காலில் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். சாதாரணமாகப் புதுப்பிக்கும்போது அந்த வோல்ட்டேஜ் அங்கே போகாது. மென்பொருள் என்னதான் தவறு செய்தாலும் 8 கிலோபைட் மிஞ்சும். 1981இன் முழு பயாஸும் அதே அளவுதான் என்பது தற்செயல்.

அந்த மூலையில் இருந்த அவார்டு நிரலுக்கு ஒரே ஒரு வேலை தெரியும். மீதிப் பயாஸைக் கூட்டிப் பார்த்து, கணக்கு ஒத்துவராவிட்டால் ஃப்ளாப்பியைத் தேடும். ஆனால் திரையில் செய்தி காட்ட அதற்குப் பழைய ஐஎஸ்ஏ வகை டிஸ்ப்ளே அட்டை மட்டும்தான் புரியும். பிசிஐ அட்டையோ ஏஜிபி அட்டையோ போட்டிருந்தவர்களுக்குக் கறுப்புத் திரைதான். போர்டு முழுக்கச் செத்துவிட்டது என்று நம்பிக் குப்பையில் போட்டவர்கள் எத்தனையோ பேர். உள்ளே அது ஃப்ளாப்பியைக் கேட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் பரணில் கிடந்த பழைய ஐஎஸ்ஏ அட்டையைத் தேடி எடுத்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் வேறொரு கணினியில் ஃப்ளாப்பியைத் தயார் செய்து, தொடங்கியதும் தானாகவே பயாஸ் எழுதும் கட்டளையை அதில் போட்டு, செருகிவிட்டு, ட்ரைவின் விளக்கு எரிந்து அணைவதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் பயாஸில் வேறு முறை: கோப்புக்கு அமிபூட் என்று பெயர் மாற்றி ஃப்ளாப்பியில் வைத்து, கன்ட்ரோலையும் ஹோமையும் அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைப் போட வேண்டும். இன்டெல் போர்டுகளில் மூன்று முள் கொண்ட ஜம்பர் ஒன்று இருந்தது. அதன் மூடியைக் கழற்றிவிட்டால் கணினி மீட்பு நிலைக்குப் போகும். மூன்றுமே எழுத முடியாத மூலையை நம்பிய வழிகள்தான்.

மூலையும் அழிந்துவிட்டால்? அப்போது வந்ததுதான் இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான கைவேலை. அந்தக் காலத்து பயாஸ் சிப்புகளில் பெரும்பாலானவை 32 கால்களோடு சாக்கெட்டில் செருகி எடுக்கும் வகை. அதே மாதிரி இன்னொரு போர்டு வேண்டும். அதன் நல்ல சிப்பைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் நூல் கொடுத்து லேசாகச் செருகிவைப்பார்கள். கணினியை டாஸில் தொடங்குவார்கள். இந்தக் கட்டத்தில் பயாஸின் நகல் ரேமுக்குப் போய்விட்டிருக்கும். செயலி சிப்பை நாடாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து நூலைப் பிடித்து நல்ல சிப்பைத் தூக்கி எடுத்து, அதே சாக்கெட்டில் செத்த சிப்பைச் செருகி, எழுதும் நிரலை ஓட்டுவார்கள். திசை மாற்றிச் செருகினால் சிப் கருகும். கையில் இருக்கும் உலோகக் கருவி பக்கத்துக் காலில் பட்டால் இரண்டாவது போர்டும் போகும். ஆனாலும் பிழைத்தன, ஏராளமாக. நெட்வொர்க் அட்டைகளில் பூட் ரோமுக்கென்று காலியாக விட்டிருந்த சாக்கெட்டைக்கூடச் சிலர் சிப் எழுதும் கருவியாக்கினார்கள். வாங்க வேண்டியிருந்தால் ஈப்ரோம் எழுதும் கருவியின் விலை அன்று ஒரு நல்ல மதர்போர்டின் விலையைத் தாண்டும். தேவை இந்தக் குறுக்குவழிகளைக் கற்றுக்கொடுத்தது.

இதுவரை எல்லாம் கவனக்குறைவு, கெட்ட நேரம். 1999 ஏப்ரல் 26 வேறு வகை.

தைவானின் தாதுங் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் 1998 ஜூனில் பரவத் தொடங்கியது. அளவு 1 கிலோபைட் சுற்று. விண்டோஸ் கோப்புகளுக்குள் இருக்கும் காலி இடைவெளிகளில் துண்டு துண்டாகப் பதுங்கிக்கொள்வதால் கோப்பின் அளவு கூடாது, சந்தேகமும் வராது. ஏப்ரல் 26 வந்ததும் ஹார்டு டிஸ்கின் முதல் 1 மெகாபைட்டைப் பூஜ்யங்களால் நிரப்பும். அதோடு நிற்காமல் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதப் பார்க்கும். இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட்டும் அதைப் போன்றவையும் இருந்த போர்டுகளில், எழுதும் பாதுகாப்பு நீக்கப்பட்டிருந்தால், அது பலித்தது. தென்கொரியாவில் லட்சக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் பாதிக்கப்பட்டன. துருக்கியும் இந்தியாவும் வங்கதேசமும் அடி வாங்கின. செர்னோபில் விபத்தின் ஆண்டு நாள் என்பதால் பத்திரிகைகள் அந்தப் பெயரையே வைரஸுக்குச் சூட்டின. திருட்டு மென்பொருளால் பரவிய நோய் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 1999 மார்ச்சில் ஐபிஎம் அனுப்பிய ஆப்டிவா கணினிகள் சிலவற்றிலேயே அது இருந்தது. யமஹாவின் சிடி ரைட்டர் ஒன்றுக்கான ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கோப்பிலும் இருந்தது. ஃபர்ம்வேரைத் திருத்த வந்த கோப்பு, ஃபர்ம்வேரை அழிக்கும் வைரஸைச் சுமந்து வந்ததைவிடக் கேலி வேறு என்ன இருக்க முடியும்?

மதர்போர்டு உலகம் அதிர்ந்தது அன்றுதான். பயனரே தொடாத ஒரு சிப்பை ஏதோ ஒரு நிரல் அழித்துவிடலாம் என்பது நிரூபணமாகிவிட்டது. அந்தக் காலகட்டத்தில் தைவானின் கிகாபைட் நிறுவனம் ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சிப்புகளை வைத்தது; முதலாவது கெட்டால் இரண்டாவது எழுந்து, முதலாவதைத் திருத்தி எழுதும். பயாஸ் சேவியர் என்ற சிறு சாக்கெட் அட்டையும் கடைகளில் கிடைத்தது. பெட்டிக்கு வெளியே ஒரு சுவிட்ச், இரண்டு சிப்புகளில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதே காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் வேறொரு எரிச்சலில் இருந்தார். நூற்றுக்கணக்கான கணினிகளை இணைத்த தொகுப்பில் ஒரு பயாஸ் அமைப்பை மாற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1999இல் அவர் தொடங்கிய லினக்ஸ்பயாஸ் 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. அதில் இரண்டு படிவங்கள்: அன்றாடத்துக்கு ஒன்று, அது தவறினால் கைகொடுக்க இன்னொன்று. அந்தத் திட்டத்தின் கிளையாக வளர்ந்த ஃப்ளாஷ்ரோம் என்ற இலவச நிரல் இன்றும் பழுது பார்ப்பவர்களின் கையில் இருக்கிறது.

2000களின் நடுவில் சிப்பின் உருவமே மாறியது. 32 கால்கள் எட்டாகக் குறைந்தன. தகவல் ஒரே கம்பியில் வரிசையாகப் போகும் எஸ்பிஐ வகை சிப்புகள் வந்தன. அரிசி மணியைவிடச் சற்றே பெரியவை, மலிவானவை, பெரும்பாலும் சாக்கெட் இல்லாமல் நேராகப் பற்றவைக்கப்பட்டவை. இட்டேனியத்துக்காக இன்டெல் 1990களின் முடிவில் தொடங்கிய வேலை, 2005இல் அமைந்த கூட்டமைப்பின் வழியாக யூஇஎஃப்ஐ ஆனது. 8 கிலோபைட் பயாஸ் 8 மெகாபைட், 16 மெகாபைட் என்று வீங்கியது. ஓடும் கணினியிலிருந்து சிப்பை நூல் கட்டித் தூக்கும் வித்தை முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் சீனாவிலிருந்து சிஎச்341ஏ என்ற யூஎஸ்பி கருவி வந்து சேர்ந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சிப்பின் தலையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்றை மாட்டினால் பற்றவைப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவில் சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை வைத்திருக்கும் கடைகளின் மேசையில் இதுவோ இதன் விலையுயர்ந்த உறவினரோ கட்டாயம் இருக்கும்.

கருவி மலிந்ததால் நோய் கண்டுபிடிப்பது எளிதாகிவிடவில்லை. புதுப்பிப்பு தவறியது என்று வாடிக்கையாளர் சொன்னாலும் அனுபவசாலி உடனே அதை நம்ப மாட்டார். முதலில் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சீமாஸ் நினைவகத்தை அழிப்பார். ஒரே ஒரு ரேம் துண்டு, செயலி, மின்சாரம் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்குவார். அடுத்து டீபக் கார்டு. கணினி விழிக்கும்போது பயாஸ் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துவிட்டு 128ஆம் எண் வாசலுக்கு ஓர் எண்ணை அனுப்பும். அந்தக் கார்டில் உள்ள இரண்டு இலக்க விளக்கு அதைக் காட்டும். எண் ஓடி, பாதியில் நின்றால் பயாஸ் உயிரோடிருக்கிறது. ரேமோ டிஸ்ப்ளேயோ தகராறு. பூஜ்யமோ எஃப்எஃப் என்ற எழுத்தோ நகராமல் நின்றால் செயலி முதல் கட்டளையையே எடுக்கவில்லை. அப்போதும் பயாஸ்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. மின்னழுத்தங்கள் வருகின்றனவா, ரீசெட் சிக்னல் விடுபடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்பிஐ சிப்பின் எட்டாம் காலில் பெரும்பாலும் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். முதல் காலில் ஆசிலோஸ்கோப்பை வைத்தால், சிப்செட் அதைக் கூப்பிடுகிறதா என்பது தெரியும். கூப்பிடவே இல்லை என்றால் பழுது வேறெங்கோ. கொஞ்ச நேரம் துடித்துவிட்டு அடங்கினால், படித்தது புரியாமல் நின்றிருக்கிறது என்று பொருள். மேசையில் கிடக்கும் போர்டு பேசும் மொழி இவ்வளவுதான்.

அடுத்த படியில்தான் அவசரக்காரர்கள் இன்னொரு முறை போர்டைக் கொல்கிறார்கள். கெட்டதுதானே என்று பழையதைப் படித்து வைக்காமல் புதியதை எழுதிவிடுவார்கள். அந்தச் சிப்பில் பயாஸ் மட்டுமா இருக்கிறது? நெட்வொர்க்கின் மேக் முகவரி, வரிசை எண், லேப்டாப் என்றால் விண்டோஸ் உரிமக் குறியீடு எல்லாம் அதற்குள். பாதி கெட்டிருந்தாலும் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, பத்திரப்படுத்திய பிறகே அழிக்க வேண்டும். நிறுவனம் தரும் கோப்பையும் அப்படியே எழுதிவிட முடியாது. சிலவற்றின் தலையில் 2 கிலோபைட் கூடுதல் பகுதி ஒட்டியிருக்கும், அதை வெட்டாவிட்டால் எல்லா முகவரியும் தள்ளிப்போகும். இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிப் பகுதி உண்டு. அது சரியில்லாவிட்டால் கணினி எழுந்து நன்றாக ஓடும். சரியாக 30 நிமிடத்தில் தானாக அணையும். கடையில் சோதித்தபோது நன்றாக இருந்த போர்டு வீட்டில் அணைந்துவிடுகிறது என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான். 1.8 வோல்ட் சிப்பில் 3.3 வோல்ட் கொடுத்தால் சிப்பே போய்விடும். மலிவான சிஎச்341ஏ கருவிகள் சிலவற்றில் தகவல் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது என்பதும் பலர் சிப்பைப் பலி கொடுத்த பிறகே பரவலாகத் தெரிந்தது.

யூஇஎஃப்ஐ வந்தபின் புதுப்பிக்காமலேயே போர்டு சாகும் விந்தையும் நடந்தது. அமைப்புகளைச் சேமிக்கும் சிறு பரப்பும் அதே சிப்பில் இருப்பதால், இயங்குதளமே அங்கே எழுத முடிகிறது. 2013 ஜனவரியில் சாம்சங் லேப்டாப்புகள் சிலவற்றில் லினக்ஸைத் தொடங்கிப் பார்த்தவர்களின் கணினி மறுபடி எழவே இல்லை. பழி முதலில் லினக்ஸின் டிரைவர் ஒன்றின்மேல் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் லினக்ஸ் நிரலாளர் மேத்யூ கேரெட், அந்தப் பரப்பை விண்டோஸிலிருந்து நிரப்பினாலும் அதே மரணம்தான் என்று காட்டினார். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவிய லெனோவோ லேப்டாப்புகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது. உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் அந்தப் பதிப்பைத் தரவிறக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த மாதம் திருத்தி வெளியிட்டது.

ஏஎம்டி நிறுவனத்தின் 2018 அனுபவம் வேறு ரகம். ரைசன் வரிசையில் புதிய செயலிகள் வந்தன. கடையில் இருந்த போர்டுகளின் பயாஸுக்கு அவை தெரியாது. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி எழ வேண்டும், எழுவதற்குப் புதுப்பித்த பயாஸ் வேண்டும். கடைசியில், பழைய வகைச் செயலி ஒன்றைத் தபாலில் கடனாக அனுப்பி, புதுப்பித்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை ஏஎம்டி செய்தது. அடுத்த ஆண்டு சிப்பில் இடமே தீர்ந்தது. 16 மெகாபைட்டுக்குள் எல்லாத் தலைமுறைச் செயலிகளின் விவரமும் அடங்காததால், எம்எஸ்ஐ சில போர்டுகளில் பழைய செயலிகளுக்கான ஆதரவையும் பயாஸின் அழகான திரையையும் வெட்டிப் போட்டு இடம் தேடியது. ஏசூஸ் 2011இல் எக்ஸ்79 போர்டுகளில் கொடுத்த பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி இந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் நடுத்தர விலைப் போர்டுகளிலும் பரவியது. செயலியும் வேண்டாம், ரேமும் வேண்டாம். மின்சாரமும் பென் டிரைவும் இருந்தால் போதும். பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் போர்டில் உள்ள தனிக் கட்டுப்பாட்டுச் சிப் கோப்பைப் படித்து எழுதிவிடும். நூலில் கட்டித் தூக்கியவர்கள் இன்னொரு போர்டைக் கொண்டு செய்த அதே வேலை, போர்டுக்குள்ளேயே ஒரு மூலைக்கு வந்துவிட்டது.

எழுத முடியாத இடத்துக்கு மிக நேர்மையான வடிவம் கொடுத்தது கூகுளின் குரோம்புக்தான். 2011 முதல் வந்த அந்த லேப்டாப்புகளில் ஃபர்ம்வேரின் ஒரு பகுதி படிக்க மட்டுமே. புதுப்பிப்புகள் மற்ற இரண்டு பகுதிகளில் மாறி மாறி எழுதப்படும். படிக்க மட்டுமான பகுதியைத் திறக்க அன்று எந்த மந்திரச் சொல்லும் இருக்கவில்லை. முதல் ஆண்டுகளின் பல மாடல்களில் பின்மூடியைக் கழற்றி ஒரு திருகாணியை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், பயாஸைக் காப்பதற்கான வழிகாட்டியை 2011இல் வெளியிட்டது. கெட்டதைக் கண்டுபிடிப்பதும் மீட்பதும் சேர்ந்த அடுத்த வழிகாட்டி 2018இல் வந்தது. கையொப்பமில்லாத கோப்பை இன்றைய பெரும்பாலான போர்டுகள் ஏற்பதில்லை. பழுது பார்ப்பவருக்கு இதனால் பாதி நிம்மதி, பாதி தலைவலி. கிளிப் மாட்டி எழுதிய கோப்பையும் சில லேப்டாப்புகள் கையொப்பம் சரியில்லை என்று நிராகரிக்கின்றன.

விண்டோஸ் லேப்டாப்புகளில் அண்மைக் காலத்தில் சேர்ந்த சிக்கல் இதற்கும் அடுத்த கட்டத்தில் நிற்கிறது. விண்டோஸின் பிட்லாக்கர் வசதி, டிஸ்கைப் பூட்டிய சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியிடம் ஒப்படைத்திருக்கும். ஃபர்ம்வேர் மாறினால் டிபிஎம்முக்குக் கணினியின் அடையாளம் மாறிவிடும்; பல ஏஎம்டி கணினிகளில் டிபிஎம்மின் தகவல்களும் அதே பயாஸ் சிப்பில்தான் இருக்கும், சிப்பை எழுதும்போது அவையும் போய்விடும். போர்டு எழும், திரை வரும், விண்டோஸ் தொடங்கப் பார்க்கும். உடனே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அது வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் இருக்கலாம். அதனால் சிப்பைக் கவ்வுவதற்குமுன் அந்த எண் கையில் இருக்கிறதா என்று கேட்பதும், இல்லையென்றால் டிஸ்கில் உள்ளதற்குப் பொறுப்பேற்க முடியாது என்று ரசீதில் எழுதி வாங்குவதும் இந்தத் தொழிலின் புது வழக்கமாகிவருகிறது.